நல்ல நேரத்தில் மாறிய சாவி

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு காலத்தில் இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறேன்.

அல்லிநகரத்தில் மாடியறையில் உட்கார்ந்தபடி, பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக, அமெரிக்காவில் இருக்கும் யாருடைய தகவல்களையோ காவல் காப்பது என் பிழைப்பு. அந்தத் தகவல்களெல்லாம் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களில், வேறு யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கும். பூட்டு என்றால் சாவி உண்டு. எழுத்தும் எண்ணும் குறியுமாகக் கன்னாபின்னாவென்று நீளும் ஒரு சரம்தான் அந்தச் சாவி. ஒரே சாவியை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் அது எந்த வழியாக யார் கைக்குப் போயிருக்கிறது என்று நமக்கே தெரியாது. (நாங்கள் குடிவந்த வீட்டின் வாசல் பூட்டுக்கு, முன்பு குடியிருந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு சாவி இருந்தது. ஒருத்தர் உரிமையோடு திறந்து உள்ளே வந்து, மறந்துவிட்டுப்போன கொடிக்கயிற்றைக் கழற்றிக்கொண்டு, போய் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.) அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பழைய சாவியை ஓரங்கட்டிவிட்டுப் புதிய சாவியைப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆளை நம்பாமல், அது தானாகவே நடக்கும்படி எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிவைப்பவள் நான்.

வேலையை ஆபீஸோடு விட்டுவிடும் ஆளும் இல்லை. மாதம் பிறந்தால் எங்கள் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் மாறிவிடும். என் வீட்டுக்காரர் பெரியகுளம் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார்; ஒட்டுக்கட்டிய கன்று துளிர்விடும்வரை காத்திருந்து பழகிய மனிதர். மாடிப்படியில் போனைப் பிடித்தபடி நின்று, "இந்த மாசம் என்ன?" என்று மட்டும் கேட்பார். என் மாமியார் அப்படியில்லை. சீரியல் நேரத்தில் டிவியில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் கீழேயிருந்து குரல் வரும்.

"களவாணிகூட ஒரு தடவதான் வருவான். இவ மாசாமாசம் வாரா."

இவ்வளவு சந்தேகத்துக்கும் நடுவில் நான் சந்தேகமே படாத ஒரே ஆள் என் தம்பி செல்வம்.

நான் மாசமாக இருந்தபோது அவன் வளைகுடாவுக்குப் போனான். பாலைவனத்துக்கு நடுவில் ஏதோ ஒரு எண்ணெய் ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை. விசா வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னான். அதற்கு முன்பெல்லாம் காரணமே இல்லாமல் பெரியகுளத்து அப்பா வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவான். அடுக்களையில் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வதக்கிக்கொண்டிருப்பதைச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றுவிட்டு, "உப்புப் பத்தலக்கா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவான். அவன் போன பிறகு அந்த மோடாவில் வேறு யார் உட்கார்ந்தாலும் எழுப்பிவிட எனக்குக் கை பரபரக்கும். உப்பு இன்றைக்கும் பத்துவதில்லை. சொல்லத்தான் ஆளில்லை.

ரெண்டு வருஷத்தில் விடுப்பு என்றுதான் போனான். அதற்குள் கம்பெனி கைமாறி, விடுப்புக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர்கள் தங்கியிருக்கும் முகாமில் வீடியோவில் பேசும் செயலிகள் எதுவும் வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போகும் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சாதாரணப் போனில் கூப்பிடுவான். என் மகள் இனியாவை அவன் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தான். இனியா அவனைப் பார்த்ததே கிடையாது.

இந்த நிலையில்தான் காதுகுத்து வந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். பந்தல், கிடாய், பத்திரிகை எல்லாம் அதற்கப்புறம்தான். இனியாவுக்குப் பதினோராம் மாதத்தில் செய்ய வேண்டியதை, செல்வம் வரட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒற்றைப்படை வயது என்று மூன்றுக்குப் போனது. அந்த மாசியில் மாமியார் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

"இதையும் விட்டா அஞ்சு வயசுலதான். அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் காது குத்தணும்னா பிடிக்கிறதுக்குத் தனியா ஆளு சேக்கணும். ஒங்க பெரியப்பா மகன் ஒருத்தரு கம்பத்துல இருக்காகள்ல? அவுகளும் மாமன்தான? உக்காந்து எந்திரிக்கட்டும்."

அந்தப் பெரியப்பா மகன் நல்லவர்தான். ஆனால் செல்வத்தின் இடத்தில் அவர் உட்காருவதை நினைத்தாலே எனக்கு மோடா ஞாபகம் வந்தது. "அத்தே, செல்வமே வருவான்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

அன்றைக்கே மாடியறையில் உட்கார்ந்து யோசித்தேன். முகாமில் பொதுச் செயலிகளுக்குத்தான் தடை. கிளவுடில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, அதில் எங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு வீடியோ அறையை நானே அமைத்தால் என்ன? பார்ப்பதற்குச் சாதாரண இணைய முகவரி மாதிரி இருக்கும். செல்வத்தின் சூப்பர்வைசர் சாக்கோ என்று ஒரு கோட்டயத்துக்காரர். காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை; அவர்களுக்கு அது வேலை நாள். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாக்கோ, தன் அறையையும் கம்ப்யூட்டரையும் காலையில் ஒரு மணி நேரம் செல்வத்துக்கு விட்டுத்தருவதாகச் சொன்னார். மேலதிகாரி சுற்றிப்பார்க்க வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இங்கே ஒரு சாதாரண அக்கா என்ன செய்திருப்பாள்? அறைக்கு ஒரு கடவுச்சொல் போட்டுவிட்டு, பட்டுப்பாவாடை எடுக்கப் போயிருப்பாள். நான் ஆபீஸில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு என்ன பாதுகாப்பு வைக்கிறேனோ அதையெல்லாம் அந்த அறைக்கும் வைத்தேன். உள்ளே வர ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி. அந்தச் சாவி குறிப்பிட்ட காலத்தில் தானாக மாறும். மாறியதும் பழைய சாவிக்காரர்கள் வெளியே. ஆபீஸில் பழைய சாவிக்கு ஒரு நாளாவது அவகாசம் கொடுப்போம், யாரும் பாதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. வீட்டில் என்ன அவகாசம் என்று அதைப் பூஜ்யமாக்கினேன். புதிய சாவி எல்லாருக்கும் அந்த அறைக்குள்ளேயே ஒரு செய்தியாக வந்து விழும்படி செய்தேன். பீரோச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறோமே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. (இதற்கெல்லாம் நான் சான்றிதழ் வைத்திருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.)

எந்த நேரத்தில் மாற வேண்டும் என்பதைத் தனியாக எழுதச் சோம்பல். ஆபீஸில் எழுதிய வரிகளையே நகல் எடுத்துப் போட்டேன். சாவியை எப்போதும் வாடிக்கையாளர் தூங்கும் நேரத்தில்தான் மாற்றுவோம். யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் நடுநிசியில் தூங்குகிறவர்கள். அவர்களுக்கு நடுநிசி என்றால் மாசி மாதத்தில் நமக்குக் காலை பத்தரை. ஜோசியர் குறித்துக்கொடுத்த நல்ல நேரம் பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை.

கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில் சின்னமனூரைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் மேகமலைப் பக்கமிருந்து சிலுசிலுவென்று காற்று. அப்பா சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். செல்வத்தின் நீலக்கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவன் ஒல்லி, அப்பா அப்படியில்லை. வயிற்றுப் பக்கம் பொத்தான்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"மடிதான் எனது. உக்காருறது அவன்தான். அதுக்குத்தான் அவன் சட்டை" என்றார் அப்பா.

ஏற்பாடு இதுதான். அப்பா இனியாவை மடியில் வைத்து மணையில் உட்காருவார். என் பெரியப்பா பின்னால் நின்று, டேப்லெட்டை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். அதில் செல்வத்தின் முகம் தெரியும். எதிரே ஸ்டூலில் என் லேப்டாப், கேமராவை மணையின் பக்கம் திருப்பியபடி. அந்தப் பக்கம் சாக்கோவின் அறையிலிருந்து பார்த்தால், தன் சட்டையில் தன் முகத்தோடு தானே மணையில் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்திருப்பதைச் செல்வம் பார்க்கலாம்.

இணைப்பு முதல் தடவையிலேயே கிடைத்தது. அவன் முகம் டேப்லெட்டில் வந்ததும் கூட்டம் மொத்தமும் மணையைச் சுற்றி நெருங்கியது. கறுத்திருந்தான். முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. "அக்கா" என்றான். நான் கையாட்டினேன். லேப்டாப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன், கண்ணைத் துடைக்க வேறு இடமில்லை.

மொட்டை போடும்போது இனியா அழுது தீர்த்தாள். செல்வம் அங்கிருந்தே, "இனிக்குட்டி, மாமா பாரு, மாமாவுக்கும் மொட்ட மாதிரிதான் இருக்கு" என்று நெற்றியைக் காட்டினான். அவள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பி, டேப்லெட்டில் அவன் கன்னம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அவன் அந்தப் பக்கம் அசையாமல் இருந்தான். அசைந்தால் கை விலகிவிடும் என்று பயந்தான் போலிருக்கிறது.

காது குத்தும் ஆசாரி முறை தெரிந்தவர். ஊசியை எடுத்துக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

"குத்தலாமா மாமா?"

"குத்துங்கய்யா. மெதுவாக் குத்துங்க" என்றான் செல்வம்.

வலது காதில் கம்மல் ஏறியது. இனியா போட்ட கத்தலில் தோட்டத்துக் கிளிகள் எழுந்து பறந்தன. செல்வம் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். ஆசாரி அடுத்த கம்மலைத் துடைத்து எடுத்து, இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். மணி பத்தரை.

டேப்லெட்டில் செல்வத்தின் முகம் போய்விட்டது. வெள்ளைத் திரையில் சிவப்பு எழுத்தில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. நானே பொறுப்பாகத் தமிழில் எழுதிவைத்த வாசகம். அப்பாவின் கழுத்துக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. போட்டோக்காரர் தன் கடமையில் தவறாதவர், அதையும் எடுத்தார்.

"என்னாத்தா, தாய்மாமனுக்கே அனுமதி இல்லையாமுல்ல?" என்றார் மாமியார்.

லேப்டாப்பைப் பார்த்தேன். அறைக்குச் சொந்தக்காரி என்பதால் என் திரையில் மட்டும் பச்சை எழுத்தில் ஒரு செய்தி மின்னியது: சாவி வெற்றிகரமாக மாற்றப்பட்டது. அதன் கீழே அமெரிக்க நேரம் நள்ளிரவு என்று போட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் வெளியே நிற்கிறான். அவனுக்கான புதிய சாவி உள்ளே கிடக்கிறது. பழைய சாவியை என் கையாலேயே அடியோடு அழித்தாகிவிட்டது. அவன் போன் ஆலைக் கேட்டில் இருக்கிறது. "சாவி மாறிருச்சுப்பா" என்றேன்.

அப்பாவின் போன் அடித்தது. நீளமாக ஏதோ ஒரு வெளிநாட்டு எண். அப்பாவின் போனில் காதில் வைத்துக் கேட்கும் வசதி செத்து ரொம்ப நாளாகிறது, ஸ்பீக்கரில் மட்டும்தான் பேச முடியும். கோயிலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, என்னைய வெளிய போகச் சொல்லுதுப்பா. சாக்கோ சார் மேசைப் போன்ல இருந்து பேசுறேன். இன்னொரு காது குத்தியாச்சா?"

"இல்லடா. ஒங்கக்கா சாவிய மாத்திட்டாளாம்" என்றார் அப்பா.

தன் மெயிலுக்கு அனுப்பினால் தானே போட்டுத்தருவதாகப் பின்னால் சாக்கோவின் குரல் வந்தது. "மோளே, புதிய கீ என்டெ மெயிலிலேக்கு அயச்சோளு. ஞான் இட்டு கொடுக்காம்."

"ஒரு மினிட்டு சேட்டா" என்று அப்பா அவருக்குச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

இதற்குமேல் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. மெயில் அனுப்ப அரை நிமிஷம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அடுத்தவங்க மெயிலுக்கெல்லாம் சாவி அனுப்பக் கூடாதுப்பா."

என் வீட்டுக்காரர் வாய் திறந்து பேசியது அன்றைக்கு அப்போதுதான். "அந்த மனுசன் ரூமையே தூக்கிக் குடுத்துருக்காரு. அவரு மெயிலத் திருடிக்கிட்டா போயிரப்போறாரு?"

அது சரியான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் நான் அக்காவாக இல்லை, சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழாக இருந்தேன். சாவியைப் போனில் வாசிக்கிறேன் என்றேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நடைமுறை உண்டு. போனில் இருப்பவர் யார் என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். இந்தக் காலத்தில் யாருடைய குரலையும் போலியாகச் செய்ய முடியும். இதை நான் அந்தக் கோயில் வாசலில், மொட்டைத் தலையோடு கதறும் பிள்ளைக்கு முன்னால், கையில் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் ஆசாரியிடம் விளக்கினேன்.

"அது செல்வம் கொரலு. சின்னப் பிள்ளையிலருந்து கேக்குறோம்" என்றார் பெரியப்பா.

"அதெல்லாம் போதாது பெரியப்பா." போனில் குனிந்து கேட்டேன். "நம்ம வீட்ல மொதமொதல்ல வளத்த நாய் பேரு என்ன?"

"மணி" என்று பெரியப்பாவே சத்தமாகச் சொல்லிவிட்டார். பையன் மறந்திருப்பான் என்று பரிதாபம்.

பதில் வெளியே கசிந்துவிட்டால் அந்தக் கேள்வி செல்லாது. வேறு கேள்வி வேண்டும். யாரும் ஊகிக்க முடியாததாக, அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஆபீஸில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு. நடக்காத ஒன்றை நடந்தது போலக் கேட்க வேண்டும். ஏமாற்றுக்காரன் எதையாவது கற்பனை செய்து சொல்வான், மாட்டிக்கொள்வான். எனக்கு அப்படி ஒரு கேள்வி சட்டென்று வாயில் வந்தது. எங்கிருந்து வந்ததென்று யோசிக்கக்கூட இல்லை.

"நீ ஊருக்குக் கெளம்புன அன்னிக்கு, நான் கடைசியா ஒனக்கு என்ன சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லலக்கா" என்றான் செல்வம். "ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்ட. நான் தட்டுனேன். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு அப்பா கூப்புட்டாரு, போயிட்டேன்."

சரியான விடை.

மாமியார் இனியாவை அப்பாவின் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தார். பெரியப்பா டேப்லெட்டைத் தாழ்த்தினார். அதற்குப் பின்னாலிருந்து அப்பாவின் முகம் வெளியே வந்தது. அன்றைக்குக் கதவுக்கு உள்பக்கம் நான் தாழ்ப்பாளில் கையை வைத்தபடியே நின்றிருந்தேன். அவன் இன்னொரு தடவை தட்டுவான், திறக்கலாம் என்று நின்றேன். கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். கோபமெல்லாம் இல்லை. வாயைத் திறந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன் என்ற பயம்.

அதற்குப் பிறகு எனக்கு நடைமுறை எதுவும் ஞாபகம் இல்லை. மெயில் என்று ஒன்று உலகத்தில் இருப்பதும் மறந்துபோனது. போனைப் பிடுங்கிச் சாவியை வாசிக்க ஆரம்பித்தேன். ஒதுக்குப்புறமாகப் போகலாம் என்றால் கோயில் மணிக்கம்பத்தை விட்டு நகர்ந்தால் சிக்னல் போய்விடும். கூட்டத்துக்கு நடுவில் நின்றேன்.

"சின்ன கே. பெரிய ஆர். ஏழு. ஆச்சரியக்குறி."

"பெரிய ஆர்" என்று பெரியப்பா என்னைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார், வளைகுடாவுக்கு நேராகவே கேட்கட்டும் என்று. "ஏழுடா. ஏழு."

"அக்கா, கே சின்னதுன்னா எப்படிச் சின்னது?"

"மெதுவாச் சொல்லுத்தா, பிள்ள எழுத வேண்டாமா?" என்றார் சமையல் பந்தலிலிருந்து ஓர் அம்மாள். கரண்டியோடு வந்து நின்றிருந்தார். சாவியின் ஒவ்வோர் எழுத்தையும் ஊரே சேர்ந்து ஓதியது. யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு சந்தேகக்காரி ராப்பகலாக உட்கார்ந்து உருவாக்கிய சாவி, கிடாய்க் கறி வெந்துகொண்டிருந்த அடுப்புவரை போய்ச் சேர்ந்தது.

பாதியைக்கூடத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தமும், "செல்வா, மதி மதி, சார் வந்நு" என்று, மேலதிகாரி வந்துவிட்டதைச் சொல்லும் சாக்கோவின் அவசரக் குரலும் கேட்டன.

"அக்கா, அந்தக் காதுக்கு நான்..." என்றான் செல்வம். இணைப்பு அறுந்தது.

நாங்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது திரும்ப அடிக்கவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி தொண்டையைச் செருமினார்.

"அந்தக் காதுக்கு நான் இல்லாட்டியும் பரவால்ல, குத்திருங்கன்னு சொல்ல வந்துருப்பாக" என்றார் மாமியார். அவருக்கும் குரல் இறங்கித்தான் இருந்தது. "பிள்ளைய ஒத்தக் காதோட விட முடியுமா ஆத்தா?"

நான் வேண்டாம் என்றேன். வாதம் எதுவும் என்னிடம் இல்லை. இல்லாத வாதத்துக்கு அழுகையைப் போட்டு நிரப்பினேன். கடைசியில் அப்பாதான் மணையிலிருந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து ஆசாரியின் தட்டில் விழுந்தது.

"அந்தக் காதுக்கு நான் வந்து உக்காருறேன்னு சொன்னான். எனக்குக் கேட்டுச்சு" என்றார் அப்பா. "அவன் வரட்டும்."

அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. போன் என் கையில் இருந்தது; 'நான்' என்பதோடு அறுந்துவிட்டது. ஆனால் ஆசாரி இன்னொரு கம்மலைப் பஞ்சில் சுற்றி அப்பாவிடமே கொடுத்தார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். கறியில் உப்புப் பத்தவில்லை.

மறுநாளே ஆபீஸிலும் வீட்டிலும் எழுதியதையெல்லாம் திறந்து பார்த்தேன். இப்போது நான் எழுதும் எந்தச் சாவியும், புதியது எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழையதைக் கைவிடும். மாறுவதற்கு முன்னால், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கும். மேலாளர் இதைக் கூட்டத்தில் பாராட்டினார், எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். சின்னமனூர் என்றேன்.

வீட்டில் நான் இழந்த மானத்துக்கு மட்டும் எந்த அவகாசமும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கதவைத் தட்டினால், மாமியார் உள்ளேயிருந்து, "நாய் பேரு என்ன?" என்று கேட்கிறார். இவரும் சளைக்காமல், "மணி" என்கிறார். அதன் பிறகுதான் கதவு திறக்கும். ஆல்பத்தில் அப்பாவின் உடம்பும் 'அனுமதி இல்லை' முகமுமாக இருக்கும் படத்தைப் பெரியப்பா பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். யாராவது பணம் கைமாற்றுக் கேட்டு வந்தால் பேசாமல் அதைக் கையால் காட்டுகிறாராம்.

அந்த வாக்கியத்தை எப்படி முடிக்க நினைத்தாய் என்று அடுத்த வெள்ளிக்கிழமையே செல்வத்திடம் கேட்டேன். "மறந்துபோச்சுக்கா" என்று சிரித்தான். அவன் மறக்கிற ஆள் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. அவனுக்கு இன்னும் விடுப்பு வரவில்லை. வைகாசி என்கிறான், போன வருஷமும் வைகாசி என்றுதான் சொன்னான்.

இனியா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சேர்த்த முதல் வாரத்தில் அவளுடைய மிஸ் என்னைக் கூப்பிட்டு, பிள்ளையின் ஒரு கம்மல் எங்கேயோ விழுந்துவிட்டது, நாங்களும் தேடினோம் என்று வருத்தமாகச் சொன்னார். இனியாதான் பதில் சொன்னாள்.

"விழுகல மிஸ். இது என் காது. அது மாமா காது."

வெள்ளிக்கிழமை போன் வந்தால் முதலில் அவள்தான் எடுப்பாள். அவசரத்தில் வலது காதில் வைத்துவிட்டு, "இரு மாமா, ஒன் காதுக்கு மாத்திக்கிறேன்" என்று சொல்லி இடது பக்கம் வைத்துக்கொள்வாள். அப்படியே மோடாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை மட்டும் நான் அதிலிருந்து எழுப்புவதில்லை. என்ன சொன்னான் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டுவாள்.

நான் அவனிடம் இப்போது எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. அன்றைக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து, ஒவ்வொரு வாரமும் கடைசியாக ஒன்றுதான் சொல்கிறேன்.

"வந்துருடா."